பொட்டு ஒட்டிய சுவர்

உமையவளை ஒரு பாகத்தில் வைத்த பெருமானே, உன் திருவடி முன்னிற்க. சொல்லும் நாவும் நீ தந்தது, சொல்லத் தூண்டும் நெஞ்சும் நீ தந்தது. சொல்லில் பிழை நேர்ந்தால் பொறுத்தருள்க. கேட்கும் செவிக்கு இடர் வாராமல் காத்தருள்க.

இப்போது கேளுங்கள் அம்மா. அவனை முன்னிறுத்தாமல் நான் எந்தப் பேச்சையும் தொடங்குவதில்லை. பள்ளியில் ஆசிரியர் கூட்டம் நடத்தினாலும் இதே முறைதான். எங்கள் கணக்கு ஆசிரியை ரெஜினா கிறித்தவப் பெண். அவளும் எழுந்து கைகூப்பி நிற்பாள். அத்தகைய ஒழுங்கு இருந்த காலம்.

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இதில் அமருங்கள். மோரை அருந்துங்கள். வெயிலில் வந்திருக்கிறீர்கள்.

"அரசுப் பள்ளி மாணவர்களின் கல்வி அடைவைப் பாதிக்கும் காரணிகள்." உங்கள் பல்கலைக்கழகத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காரணிகள்! இந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லை முதன்முதலில் சுவரில் ஏற்றியவன் யார் தெரியுமா? செங்காட்டுப்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அம்பலவாணன். நான்தான் அம்மா. இன்று கணினியில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்பும் பச்சையும் எரிகிறதாமே, அதை யாரோ தலைநகரத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்களாம். நல்லாசிரியர் விருது எனக்கு வரவில்லை. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேசவே போவதில்லை.

ஊரைச் சுற்றி முந்திரிக்காடு. வீட்டுக்கு வீடு கொட்டை உடைக்கும் வேலை. நான் பொறுப்பேற்றபோது பத்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்கூடத் தேறவில்லை. மாவட்டக் கூட்டத்தில் அதிகாரி எல்லோர் எதிரிலும் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார்: "என்னா சார், உங்க ஊர்ல முந்திரி மட்டும்தான் விளையுமா?" மண்டபமே சிரித்தது. நரைத்த தலை எனக்கு. நெற்றியில் நீறு. சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து உண்ணாமல் சந்நிதியில் அமர்ந்தேன். வைத்தியன் முதலில் நோய்க்கு வேரைத் தேடுகிறான், பிறகுதான் மருந்து அரைக்கிறான் என்பது அப்போது என் நெஞ்சில் பட்டது. அருள் என்றுதான் அதைச் சொல்வேன். மறுநாள் முதல் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போனேன். தகப்பன் குடிக்கிறானா? வீட்டில் விளக்கு உண்டா? தாய்க்கு எழுத்து தெரியுமா? பள்ளிக்கு எவ்வளவு தூரம்? பிள்ளை வேலைக்குப் போகிறதா? எல்லாம் கேட்டேன். இன்று நீங்கள் கேட்டுக்கொண்டு வருகிறீர்களே, அதே கேள்விகள்தாம்.

கேட்டவற்றைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் அல்லவா? கடைத்தெருவில் ஒட்டும் பொட்டு வாங்கினேன். ஆம் அம்மா, பெண்கள் நெற்றிக்கு வைப்பதுதான். கடைக்காரர் கேட்டார்: "என்னங்க ஐயா, இத்தனை நெறத்துல? அம்மா தெனம் ஒண்ணு மாத்துறாங்களா?" என் மனைவியிடம் அதைச் சொன்னபோது அவள் அந்தக் கடை வழியே போவதையே விட்டுவிட்டாள். தலைமையாசிரியர் அறைச் சுவரில் பெயர்களை வரிசையாக எழுதினேன். குடிக்கும் தகப்பனுக்குச் சிவப்பு. விளக்கில்லாத வீட்டுக்கு நீலம். தூரத்துக்குப் பச்சை. வேலைக்குப் போனால் மஞ்சள். தாய் படிக்காதவளானால் கறுப்பு.

ரெஜினா வந்து பார்த்தாள். "சார், சுவத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றாள். ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மை என்பது தாயின் பெயர், அதை விளையாட்டுக்கு எடுக்கலாகாது என்று கண்டித்தேன்.

ஆனால் சுவர் பொய் சொல்லவில்லை. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பொட்டு ஏற ஏற மதிப்பெண் இறங்கியது, துலாக்கோல் போல. நான் அடைந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! பிள்ளைகள் தோற்றதற்கு மகிழவில்லை, தவறாக எண்ணாதீர்கள். உண்மை தன் முகத்தைக் காட்டியதே, அதற்கு. அதிகாரியே நேரில் வந்து சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அரையாண்டில் ஒருத்தி மட்டும் கணக்கைக் கெடுத்தாள்.

தையல்நாயகி என்று பெயர்.

என்ன அம்மா, எதுவும் சொன்னீர்களா? இல்லையா? சரி.

அம்பிகையின் திருநாமம் அது. நோய் தீர்ப்பவளின் நாமம். அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே ஐந்து நிறமும் இருந்தன. எந்தப் பிள்ளைக்கும் அத்தனை இல்லை. அப்பன் சாராயக்கடையே கதியென்று கிடந்தவன். விடிவதற்கு முன்பும் பள்ளி விட்ட பின்பும் தாயோடு உட்கார்ந்து கொட்டை உடைப்பாள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள், அப்படியும் விடாது. அவள் விடைத்தாளில் வரிக்கு வரி கறை. ஒருமுறை கேட்டேன், "கையைக் கழுவிக்கொண்டு எழுதக் கூடாதா?" என்று. "கழுவுனாப் போவாதுங்க ஐயா. தோலு உரிஞ்சாத்தான் போவும்" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதுவாள்.

அந்தப் பிள்ளை அரையாண்டில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். கணக்கில் மயிரிழையில். ஆனாலும் தேறிவிட்டாள்.

நீங்கள் ஆராய்ச்சி செய்பவர், இது உங்களுக்கு விளங்கும். மதிப்பெண் ஒருமுறை வரும், மறுமுறை வராது. காரணி அப்படியன்று, அது வீட்டோடு இருப்பது, விதியைப்போல் உடன் வருவது. ஐந்து பொட்டு உள்ள பிள்ளை பொதுத்தேர்வில் தேறாது என்று சுவர் சொல்கிறது. ஒருமுறை தேறியதை நம்புவதா, சுவரை நம்புவதா?

அந்த ஆண்டு முழுத் தேர்ச்சி தருவதாக அதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளை தவறினாலும் போயிற்று. எல்லாப் பள்ளியிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பு, தேறமாட்டாத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து, பிறகு தனித்தேர்வராக எழுதலாம் என்று சொல்லி அனுப்புவது. பையன்கள் சிலர் மகிழ்ச்சியோடு போனார்கள். அவர்கள் பெயர் எனக்கு நினைவில்லை.

தையல்நாயகியின் தாய் அஞ்சலாட்சி வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள்.

"சாமி, எம்பொண்ணு எதுனா தப்பு பண்ணிடுச்சா?"

"ஒன்றுமில்லையம்மா. உள்ளே வா. இதோ பார், இது உன் மகள் பெயர்."

சுவரைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாப் புள்ளைய விட எம்பொண்ணுக்குத்தான் நெறைய வச்சிருக்கீங்க சாமி! தையலு வூட்ல ஒண்ணுமே சொல்லலியே" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் திருத்தவில்லை. ஏழை மனம் மகிழ்ந்திருக்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும்? பிறகு இதமாக எடுத்துச் சொன்னேன். இந்த ஆண்டு எழுதினால் தவறிவிடுவாள், ஊர் சிரிக்கும், பிள்ளை மனம் உடையும் என்றேன். "நீங்க சொன்னா சரியா இருக்கும் சாமி" என்றாள். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். ரேகையே விழவில்லை அம்மா. முந்திரி எண்ணெய் தின்ற விரல். வெறும் மைதான் ஒரு வட்டமாக விழுந்தது.

ரெஜினா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "பாஸ் பண்ணின புள்ளைய எப்படி சார் எடுப்பீங்க?"

"சான்று இருக்கிறது அம்மா. சுவரைப் பாருங்கள்."

"அந்தப் பொட்டு எதையாவது அவ ஒட்டிக்கிட்டாளா சார்? குடிச்சது அவளா? கரண்டு குடுக்காதது அவளா?"

"உணர்ச்சி வேறு, சான்று வேறு" என்றேன்.

"சார், அவளுக்கு நான் சாயங்காலம் கணக்கு சொல்லிக் குடுத்தேன். அதுக்கு என்னா கலரு பொட்டு?"

நானும் யோசித்தேன். அதற்கு நிறம் ஒதுக்கவில்லை. காரணிகளை வகுக்கும்போது அது என் நினைவில் வரவில்லை. வந்திருந்தால் ஒதுக்கியிருப்பேன், நான் நேர்மையானவன்.

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நான்தான் எடுத்தேன், வருகையும் நானே அழைப்பேன். "பிரசண்ட் சார்" என்பதெல்லாம் என் வகுப்பில் செல்லாது. "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் தேன்மொழி என்றேன். உள்ளேன் ஐயா என்றாள். இடையில் இருந்த பெயரை அடித்தாயிற்று. அடுத்தது நிரோஷா. நிரோஷா என்று நான் வாய் திறக்கும் முன்பு, சன்னலுக்கு வெளியிலிருந்து "உள்ளேன் ஐயா".

தண்ணீர்த் தொட்டியருகில் சீருடையோடு, பையோடு நிற்கிறாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழுந்துபோய், "உன் தாய் கைநாட்டு வைத்துவிட்டாள், நீ வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "நான் எழுதுறேங்க ஐயா" என்றாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அழமாட்டாள், கெஞ்சமாட்டாள். அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு குரல். காவலாளியிடம் சொல்லி வாயிற்கதவைச் சாத்தச் செய்தேன். வகுப்புக்கு இடையூறு அல்லவா? அதன் பிறகு அங்கிருந்து குரல் வகுப்புக்கு எட்டாது. எட்டவே எட்டாது. ஆயினும் தேன்மொழி, நிரோஷா என்று இரண்டு பெயரையும் மூச்சுவிடாமல் ஒட்டிச் சொல்லப் பழகிவிட்டேன். "ஐயா அந்த எடத்துல மட்டும் ரயிலு ஓட்டுறாரு" என்று கடைசி வரிசையில் ஒருவன் சொன்னான்.

சில நாளில் வாயிலிலும் அவளைக் காணவில்லை. ஒப்பந்தக்காரன் லாரியில் தாயும் மகளும் கொல்லம் பக்கம் முந்திரிக் கொட்டகைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

முழுத் தேர்ச்சி வந்தது. ஊரில் மேளம் அடித்தார்கள். பள்ளியிலேயே நடந்த பாராட்டு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். தேறிய பிள்ளைகளின் பெயரை நானே ஒலிபெருக்கியில் அழைத்தேன். தேன்மொழி வந்து பரிசு வாங்கினாள். அடுத்த பெயரைச் சொல்லும் முன்பு எனக்கு அது கேட்டது. நன்றாகவே கேட்டது. அதிகாரி அசையவில்லை, பிள்ளைகள் அசையவில்லை. ரெஜினா மட்டும் சன்னல் பக்கம் சட்டென்று திரும்பினாள். திரும்பியதைப் பார்த்தேன். உனக்கும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோடையிலேயே அவள் மாறுதல் வாங்கிப் போய்விட்டாள்.

இதைச் சொன்னால் நீங்கள் படித்தவர், நகைப்பீர்கள். நாள்தோறும் அம்பிகையை அவள் திருநாமங்களால் அர்ச்சிப்பது என் குலவழக்கம். ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு மலர். ஓய்வு பெற்ற பின்பு ஒரு காலை, தையல்நாயகியே போற்றி என்று மலரை இட்டேன். "உள்ளேன் ஐயா" என்று வந்தது.

மெய் சிலிர்த்துவிட்டது. அம்பிகையே மறுமொழி தருகிறாள், இத்தனை நாள் பூசைக்குப் பலன் என்று கண்ணீர் பெருக நின்றேன். கோயில் குருக்களிடம் சொன்னேன். பாக்கியவான் என்றார். பலரிடமும் சொன்னேன். சிலர் என் காலில்கூட விழுந்தார்கள்.

ஆனால் அம்மா, உங்களை ஒன்று கேட்கிறேன். உலகை ஈன்றவள் என்னை ஏன் ஐயா என்று அழைக்க வேண்டும்?

அந்த நாமத்தை விட்டுவிட்டேன். குருக்களுக்குத் தெரியாது. முன் நாமத்தைச் சொல்லிப் பின் நாமத்துக்குத் தாவிவிடுவேன். தாவுகிற இடத்திலும் வருகிறது. விட்ட நாமத்துக்குரிய மலர் கையிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளை இறந்துபோயிருப்பாள் என்று முடிவு செய்தேன். கொட்டகைகளில் தீப்பிடிப்பது வழக்கம்தானே. கோயிலில் அவள் பெயருக்கு மோட்ச தீபம் ஏற்றினேன். என் கடமையில் நான் குறை வைக்கவில்லை.

என்ன அம்மா? ஏன் எழுந்துவிட்டீர்கள்?

யார் அனுப்பினார்கள் உங்களை? கல்வி அலுவலகம் அல்லவா என் முகவரி கொடுத்தது?

செங்காட்டுப்பாளையத்திலா? கொட்டகையிலா? எந்தப் பெண்?

மறுபடி சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டது.

திரும்பி வந்து பல ஆண்டு ஆகிறதா. அதே ஊரிலா. மணமாகி, பெண்ணும் பிறந்து, அந்தப் பெண் அதே பள்ளியில் இப்போது பத்தாம் வகுப்பிலா. சிவ சிவ. உயிரோடு இருப்பவளுக்கா தீபம் ஏற்றினேன்?

அந்தப் பதிவுக் கருவியில் அவள் பேச்சு இருக்கிறதா? வேண்டாம், போடாதீர்கள். சற்றுப் பொறுங்கள், விபூதி இட்டுக்கொள்கிறேன். சரி, போடுங்கள்.

"கையெழுத்து போடமாட்டேன்னுட்டேங்க. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, போட்டுச்சு. எனக்குப் படிக்கத் தெரியுது, போடமாட்டேன். குமரவேலு சாரு கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுறாரு, எம்பொண்ணு பேரு செவப்பா இருக்குதாம். இது பெரிய ஐயா வச்ச மொறன்னு சொல்றாரு. அப்ப அந்தப் பெரிய ஐயாவே வந்து சொல்லட்டுங்க, எம்பொண்ணு எழுதக் கூடாதுன்னு. நீங்க அவரப் போயி பாருங்க. பாத்தா கேளுங்க."

நிறுத்துங்கள்.

இது அவள் குரல்தான். தடித்திருக்கிறது. ஆயினும் எனக்குக் கேட்பது இது அன்று அம்மா. எனக்குக் கேட்பது சின்னப் பிள்ளையின் குரல். இவள் கொல்லம் போய்த் திரும்பி வந்து பெண்ணையும் பெற்றுவிட்டாள் என்றால், தண்ணீர்த் தொட்டியருகில் இத்தனை காலம் நின்றுகொண்டிருப்பது யார்?

குமரவேலு என்னிடம் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். இப்போது அவன்தான் தலைமை. நல்ல பிள்ளை. நான் சொன்னதைத் தட்டமாட்டான். காரணம் இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரை அவன் பட்டியலிலிருந்து எடுக்கமாட்டான். நீங்கள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? சொல்லுங்கள், பார்த்துவிடலாம். தகப்பன் குடிக்கிறானா? இல்லை. நல்லது. விளக்கு உண்டு. பள்ளி அருகில்தான். வேலை? கொட்டைப் பக்கமே தாய் விடுவதில்லையா, கை சுத்தமாக இருக்கிறதா. மிக நல்லது. தாய் என்ன படித்திருக்கிறாள்?

பத்தாம் வகுப்பு முடிக்கவில்லையா. அப்படியானால் ஒரு பொட்டு உண்டு. கறுப்பு. தாய் படிப்பு முடிக்காதது பெரிய காரணி அம்மா, எல்லாவற்றிலும் பெரிது, உங்கள் ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்லும்.

ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்?

நான் வகுத்ததில்லை, அது உலக இயல்பு. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?

அகிலாண்டேசுவரி.

ஐயோ. அதுவும் அம்பிகையின் நாமம்தான். தினமும் சொல்லும் நாமம். மலர் இடும் நாமம். ஒரு நாமம் என்னை விட்டுப் போயிற்று. இதுவும் போனால், நாளைக்கு அந்த இடத்திலும் ஒரு குரல் வந்து நின்றால், நான் எந்த நாமத்தைச் சொல்லி அவளைக் கூப்பிடுவேன்? நிற்கும் பிள்ளைகள் பெருகிக்கொண்டே போனால் பூசையில் எனக்கு என்ன மிஞ்சும்?

அந்தத் தொலைபேசியை எடுங்கள். எண்கள் என் கண்ணுக்குத் தெரிவதில்லை, நீங்களே அழுத்துங்கள். குமரவேலு என்று இருக்கும். ஒலி பெரிதாக வையுங்கள்.

குமரவேலு, நான்தான். ஆம், நலம். அங்கே அகிலாண்டேசுவரி என்று ஒரு பிள்ளை. ஆம், அவள்தான். பெயரை எடுக்காதே. பட்டியலில் இருக்கட்டும்.

"ஐயா, அந்தப் புள்ள ரெட்ல இருக்குதுங்களே. நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதானுங்க ஐயா. இந்த வருஷம் ஒரு புள்ள ஃபெயிலானாலும் எனக்கு மெமோ வரும். எதுக்கு விடச் சொல்றீங்க? காரணம் சொல்லுங்க ஐயா."

காரணம் கேட்காதே குமரவேலு.

"காரணம் இல்லாம எப்படிங்க ஐயா?"

காரணம் இல்லை. அந்தப் பிள்ளை எழுதட்டும். தவறினால் என் பெயரைச் சொல், நான் வந்து நிற்கிறேன். நாளைக் காலையில் நானே வந்து பட்டியலைப் பார்ப்பேன். வை.

வைத்துவிட்டான். அவள் பெயரை எடுக்கமாட்டான். என் சொல்லைத் தட்டமாட்டான்.

நீங்கள் புறப்படுங்கள் அம்மா, பேருந்து போய்விடும். அவளைப் பார்த்தால், பெரிய ஐயா எழுதக் கூடாது என்று சொல்லவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தாளில் ஒரு கேள்வி மீதி இருக்கிறது என்றீர்களே: என் காலத்தில் இடைநின்ற மாணவர் எத்தனை பேர் என்று. ஒருவரும் இல்லை. எல்லோரும் மாற்றுச் சான்றிதழ் வாங்கியே போனார்கள். ஆனாலும் அந்தக் கட்டத்தை இப்போது நிரப்ப வேண்டாம். வெற்றாக விடுங்கள்.

நில்லுங்கள், வெறுங்கையோடு போகலாகாது. இந்த நீற்றை நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். கேட்ட செவி குளிர்க. நீங்கள் போகும் வழியெல்லாம் நல்வழி ஆகுக. உங்கள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைகள் நீடு கற்று நிலைபெறுக. இதைக் கேட்டவர் எவராயினும், அவர் வாழ்க, அவர் கிளை வாழ்க. உள்ளே அமர்ந்து கேட்டவரும் வாழ்க. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பவரும், தாயே, இனியேனும் உட்கார்ந்து இளைப்பாறுக.